புள்ளி விழுந்த கல்லும் வயல் சேறும்: வேற்றுக் கிரகத்தில் உயிரை எப்படித் தேடுகிறார்கள்?

“சேர், செவ்வாயில உயிர் கண்டுபிடிச்சிட்டினமாம்.”

2025 செப்டெம்பர். கிளிநொச்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் சனிக்கிழமை விஞ்ஞான வகுப்பு. சோளகக் காற்று புழுதியை அள்ளி வந்து கரும்பலகையில் அப்பிக்கொண்டிருந்தது. கேட்டவன் கடைசி வாங்கில் இருப்பவன். அவன் வாய் திறப்பது பெரும்பாலும் வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பதற்குத்தான்.

“ஆர் சொன்னது?”

“பேஸ்புக்கில கிடந்தது.”

பேஸ்புக்கில் கிடந்தது முழுப் பொய் இல்லை. செவ்வாயில் ஒரு சேற்றுக்கல்லில், முன்னொரு காலத்து உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய ஒன்றைப் பார்த்திருக்கிறோம் என்று நாசா அந்த மாதம் அறிவித்தது. ‘இருக்கக்கூடிய’ என்ற சொல் மட்டும் கிளிநொச்சிக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல்லை விளக்க எனக்கு மூன்று சனிக்கிழமைகள் போயின. பரீட்சையில் வராத பாடம்தான். ஆனாலும் அந்த மூன்று கிழமையும் கடைசி வாங்கு நேரம் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் செவ்வாய் என்றதும் முதலில் ஞாபகம் வருவது சாதகப் பொருத்தம். எட்டில் செவ்வாய், ஏழில் செவ்வாய் என்று எத்தனையோ கலியாணங்களை நிறுத்திய கிரகம். அந்தச் செவ்வாய்க்கு இப்போது ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டு, மண்ணும் கல்லுமாய் நிற்கும் செவ்வாயைப் பார்ப்போம்.

தேடுவது யாரை?

தலையில் கொம்பு முளைத்த பச்சை மனிதரை யாரும் தேடவில்லை. தேடுவது நுண்ணங்கியை. தயிரை உறைய வைப்பது, மாவைப் புளிக்க வைப்பது, இறந்த மாட்டை மண்ணோடு மண்ணாக்குவது எல்லாம் இந்தக் கூட்டம்தான். இவ்வளவு செலவழித்துப் போய்த் தேடுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றையா என்று ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்தாள். அவளுக்காக ஒரு கணக்குப் போட்டோம்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா சுமார் 80 கி.மீ. பூமி பிறந்த நாள் கிளிநொச்சி, இன்றைய நாள் வவுனியா என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 450 கோடி ஆண்டுகள். பஸ் புறப்படுகிறது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். கொக்காவிலை நெருங்கும்போது, அதாவது 350 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியில் நுண்ணங்கிகள் இருந்ததற்கு நல்ல சான்று இருக்கிறது. அதற்குப் பிறகு மாங்குளம் போகிறது, கனகராயன்குளம் போகிறது, புளியங்குளம் போகிறது. யன்னலால் எட்டிப் பார்த்தால் விலங்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஓமந்தை தாண்டிய பிறகுதான் முதல் விலங்குகள். மனித இனம் வருவது வவுனியாவில் பஸ் நிற்கும்போது. அதன் வரலாறு முழுவதும் பஸ்ஸின் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

ஆக, பூமிக்கு யாராவது வெளியிலிருந்து ஏதோ ஒரு காலத்தில் வந்து இறங்கியிருந்தால், அவர்கள் சந்தித்திருக்கக்கூடியது பெரும்பாலும் நுண்ணங்கியைத்தான். செவ்வாயிலும் அதைத் தேடுவதுதான் புத்தி.

இன்னொரு காரணமும் உண்டு. பஸ் கொக்காவிலுக்கு வரும் அந்த நேரத்தில் செவ்வாயிலும் தண்ணீர் ஓடியது. ஆறு இருந்தது, ஏரி இருந்தது. பிறகு கெட்டுப்போனது. செவ்வாய் பூமியின் விட்டத்தில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே சூடு ஆற, அதைச் சுற்றியிருந்த காந்தப்புலம் அழிந்தது. சூரியனிலிருந்து வீசும் துகள் காற்று வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டு போனது. இன்று அங்கே காற்றழுத்தம் நமதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரை வெளியே வைத்தால் உறையும், அல்லது ஆவியாகிப் போய்விடும். குளமாக நிற்காது.

வறண்ட குளத்தில் எங்கே தோண்டுவது?

இதற்குப் பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

“இரணைமடுக் குளம் ஒருக்காத் தண்ணி இல்லாமக் காய்ஞ்சு போச்சு எண்டு வையுங்கோ. இந்த நாட்டையே தெரியாத ஒராள் வாறார். இங்க முந்தி என்ன உயிர் இருந்தது எண்டு பார்க்க வேணும். எங்க தோண்டுவார்?”

குளக்கட்டடியில் என்றான் ஒருவன். அங்கே கல்லும் கொங்கிறீற்றும்தான் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நடுக்குளம் என்றது ஒரு குரல். மீன் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “ஆறு வந்து விழுற இடம், சேர். அலைகரைப் பக்கம். வண்டல் எல்லாம் அங்கதானே படியும்” என்றாள்.

அதேதான். கனகராயன் ஆறு வேகமாக ஓடி வருகிறது. குளத்து நீரில் முட்டியதும் வேகம் விழுகிறது. தூக்கி வந்த மணலை முதலில் போடுகிறது, பிறகு வண்டல், கடைசியில் மாப்போன்ற களி. காட்டிலிருந்து அடித்து வந்த இலை, செத்த பூச்சி, பாசி எல்லாம் அந்தக் களிக்குள் புதைகிறது. மேலே அடுத்த வருட வெள்ளம் இன்னொரு படை போடுகிறது. காற்றுப் புகாத மென்மையான சேறுதான் பழையதை நன்றாகப் பொத்தி வைக்கும்.

நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர், அதாவது சக்கரத்தில் ஊர்ந்து ஆராயும் கலம், 2021 பெப்ரவரி 18ஆம் திகதி இறங்கிய இடம் ஜெசெரோ என்ற பள்ளம். விண்கல் விழுந்து உண்டான, 45 கி.மீ. அகலமான கிண்ணம். அதன் மேற்குக் கரையில் ஒரு பழைய ஆறு வந்து விழுந்து விசிறிபோல வண்டலைப் பரப்பியிருப்பது மேலிருந்து எடுத்த படங்களிலேயே தெரிகிறது. ஜெசெரோ என்பது பொஸ்னியாவிலுள்ள ஓர் ஊரின் பெயர்; அந்த மொழியில் ஏரி என்று பொருள். எங்கள் பேச்சில் குளம். வவுனிக்குளம், அக்கராயன்குளம், முத்தையன்கட்டுக்குளம் என்று குளத்தின் பெயரில் ஊர் வைக்கிற நமக்கு இதில் ஒரு புதுமையும் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் இருந்தது என்றால் உயிர் இருந்தது என்று ஆகாது. வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அந்த வளவில் ஆள் குடியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதை வன்னியில் யாருக்கும் விரித்துச் சொல்லத் தேவையில்லை. செவ்வாயில் குடியிருக்கத் தக்க இடம் இருந்தது என்பதைக் கியூரியோசிட்டி ரோவர் 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய சில மாதங்களிலேயே காட்டிவிட்டது. குடியிருந்தார்களா என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு.

கள்ளும் அப்பச்சோடாவும்

இந்த வழக்கில் முதல் விசாரணை 1976இல் நடந்தது. வைக்கிங் 1, வைக்கிங் 2 என்று இரண்டு கலங்கள் செவ்வாயின் இரண்டு வேறு இடங்களில் இறங்கின. உள்ளே ஒரு சிறிய ஆய்வுகூடம். நான் படித்த விஞ்ஞானக் கதைகளில் இதைவிடச் சுவையானதும் இதைவிட மனதைக் குழப்புவதும் குறைவு. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

முட்டியில் கள் நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மதுவம் என்ற நுண்ணங்கி சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவை விடுகிறது. ஆக, நுரை உயிரின் அடையாளம். சரி. அப்பச்சோடாவில் தேசிக்காய் பிழிந்தாலும் நுரைக்கிறதே? அங்கே எந்த உயிரும் இல்லை, வெறும் இரசாயனம். இரண்டு கோப்பைகளை மூடி உங்கள் முன் வைத்து, மேலே நுரையை மட்டும் காட்டினால், எது கள், எது சோடா என்று எப்படிச் சொல்வீர்கள்? மணந்து பார்க்கக் கூடாது.

வகுப்பில் இரண்டு வழி வந்தது. ஒன்று, நன்றாகக் கொதிக்க வைத்துப் பார்ப்பது. கள்ளிலுள்ள மதுவம் செத்துவிடும், நுரை நிற்கும். இரண்டு, மறுபடி தீனி போட்டுப் பார்ப்பது. உயிருள்ளது என்றால் இன்னும் கொஞ்சம் சீனியைப் போட்டதும் மறுபடி நுரைக்கும். சோடா தீர்ந்துபோன கோப்பையில் எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும் ஒன்றும் நடக்காது.

வைக்கிங் செய்ததும் இதையேதான். ஒரு சிட்டிகை செவ்வாய் மண்ணை எடுத்து, அதில் ஊட்டக் கரைசல் சில துளிகளை விட்டார்கள். கரைசலிலுள்ள காபன் கதிர்வீசும் காபன்-14. வாயுவாக வெளியே வந்தால் கருவி உடனே கண்டுபிடிக்கும். வந்தது! இரண்டு கலங்களிலும் வந்தது. அடுத்து வேறொரு பங்கு மண்ணை 160 பாகை செல்சியசில் மூன்று மணி நேரம் சூடாக்கிவிட்டு அதே கரைசலை விட்டார்கள். வாயு வரவில்லை. முதல் சோதனையில் உயிர் பாஸ்.

பிறகு இரண்டாவது தீனி. பசித்த நுண்ணங்கி என்றால் பாய்ந்து தின்ன வேண்டும். புதிதாக வாயு வரவில்லை. வந்திருந்த வாயுவிலும் ஒரு பகுதி குறைந்தது. இது கள்ளின் நடத்தை இல்லை, சோடாவின் நடத்தை.

அதற்கு மேல் இன்னொரு அடி. மண்ணில் காபன் சார்ந்த சேதனப் பொருள் இருக்கிறதா என்று தேடிய கருவி, குளோரீன் கலந்த இரண்டொரு எளிய சேர்வைகளைத் தவிர எதையும் காணவில்லை. அவையும் பூமியில் கலத்தைத் துடைத்தபோது ஒட்டியவை என்று ஒதுக்கப்பட்டன. உடலே இல்லாத இடத்தில் உயிர் எப்படி? பெரும்பாலானோர் வழக்கை மூடினார்கள். அந்தச் சோதனையை வடிவமைத்த கில்பேட் லெவின் மட்டும் கடைசிவரை, தான் கண்டது உயிரையே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை அங்கே முடியவில்லை. 32 ஆண்டுகள் கழித்து, 2008இல், பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வடதுருவப் பக்கம் இறங்கி மண்ணைக் கரைத்துப் பார்த்தது. பேர்குளோரேற்று என்ற உப்பு இருந்தது. வாணவெடிக்கும் ரொக்கெட் எரிபொருளுக்கும் போடுகிற சாமான். குளிரில் பேசாமல் கிடக்கும். சூடாக்கினால் பக்கத்திலிருக்கும் சேதனப் பொருளை எரித்துவிடும். வைக்கிங் கருவி எப்படித் தேடியது? மண்ணைச் சூளைபோலச் சூடாக்கி, வருகிற ஆவியைப் பார்த்துத்தான். தேடப் போன பொருளை வெடிமருந்தோடு சேர்த்து அடுப்பில் வைத்திருக்கிறார்கள்! அப்படி எரிந்தால் மிஞ்சுவது, அன்று ஒதுக்கப்பட்ட அதே குளோரீன் சேர்வைகள். பிற்காலத்தில் கியூரியோசிட்டி பழைய சேற்றுக்கல்லைத் துளைத்து, செவ்வாயில் சேதனப் பொருள் உண்டு என்று உறுதிப்படுத்தியது.

இதனால் வைக்கிங் உயிரைக் கண்டது என்று ஆகிவிடாது. ‘இல்லை’ என்று கருவி சொல்வதையும் விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே ஆகும். என்னைக் கேட்டால், கதிர்வீச்சால் மாறிய உப்புகளே அந்த வாயுவைக் கிளப்பியிருக்கும் என்ற பக்கம்தான் சாய்வேன். இரண்டாவது தீனியின் முடிவு என் மனதில் அவ்வளவு பாரமாக நிற்கிறது.

சத்தம் வந்தால் என்ன?

வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனவர். 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனையோ பெண்கள் அந்த வேலையால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். கருவி சத்தம் போடும். சத்தம் என்றால் கீழே உலோகம், அவ்வளவுதான். பெரும்பாலும் ஆணி, தகரத்துண்டு, பழைய ஷெல் சிதறல். காலையில் வேலை தொடங்குமுன், தெரிந்த ஒரு துண்டின்மேல் கருவியைப் பிடித்து, ஒழுங்காகச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்களாம். விஞ்ஞானத்தில் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்று நான் பலகையில் எழுதிப் படிப்பிப்பதை அவர் புழுதியில் முழங்கால் ஊன்றிச் செய்திருக்கிறார்.

அவர் மகளிடம் சொல்லிவிட்ட ஒரு வசனம்: “சத்தம் வந்தா ஆணியாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிற ஆள் அந்த வேலைக்கு வரக்கூடாது.”

செவ்வாயில் இது அப்படியே தலைகீழ். அங்கே ஒவ்வொரு சத்தத்தையும் ஆணி என்றே முதலில் நினைக்க வேண்டும். வேறெந்த விளக்கமும் நிற்காத இடத்தில்தான் ‘உயிர்’ என்ற சொல்லை எடுக்கலாம். கண்ணிவெடியை ஆணி என்று எண்ணினால் கால் போகும். செவ்வாயில் ஆணியைப் பிடித்துக்கொண்டு உயிர் என்று கூவினால் போவது நம்பிக்கை. இரண்டு வேலையிலும் கருவி ஒன்றுதான், சத்தம் ஒன்றுதான். எந்தப் பிழை கூடக் கெடுதி என்பதைப் பொறுத்து மனம் நிற்கும் பக்கம் மாறுகிறது.

கூவிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தாட்டிக்காவில் 1984இல் எடுத்த ஒரு விண்கல் செவ்வாயிலிருந்து தெறித்து வந்தது. அதற்குள் புழு வடிவில் நுண்ணிய உருவங்கள் தெரிகின்றன என்று 1996இல் அறிவித்தபோது அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனே கமெராக்களுக்கு முன்னால் வந்து பேசினார். உயிர் இல்லாமலே அப்படி உருவங்கள் வரலாம் என்று பிறகு ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டது. அதற்கும் முன்னே, 1877இல், இத்தாலிய வானியலாளர் சியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு அவற்றைத் தன் மொழியில் ‘கனாலி’ என்று எழுதினார். அந்தச் சொல் தானாக ஓடிய ஓடைக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது வெட்டிய கால்வாயாகிவிட்டது. உடனே அமெரிக்கரான லோவெல், வறண்ட கிரகத்து மக்கள் துருவத்துப் பனிநீரைப் பாய்ச்ச வெட்டியது என்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு கமக்காரன் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். 1965இல் மரினர் 4 என்ற கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தது. வாய்க்காலும் இல்லை, வரம்பும் இல்லை.

அந்தக் கல்லில் என்ன இருந்தது?

சரி, இப்போது பேஸ்புக் செய்திக்கு வருவோம். முதலில் வயலுக்குள் இறங்க வேண்டும்.

வன்னியின் செம்மண் ஏன் சிவப்பு? துரு. இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்த நிறம். செவ்வாய் சிவந்திருப்பதற்கும் இதுதான் காரணம். காலபோகத்துக்கு வயலில் தண்ணீர் கட்டுகிறோம். மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அதிலிருந்த ஒட்சிசனைச் சீக்கிரமே முடித்துவிடுகின்றன. தண்ணீருக்குள்ளால் புதிய ஒட்சிசன் வேகமாக இறங்காது. பிறகு எதைக் கொண்டு சுவாசிப்பது? ஒரு வகைப் பற்றீரியா துருவைக் கொண்டு சுவாசிக்கிறது. சேதனப் பொருளைத் தின்கிறது, அதில் மிஞ்சும் இலத்திரன்களைத் துருவின்மேல் இறக்கிவிடுகிறது. இறக்கியதும் துருவின் சிவப்புப் போய், இரும்பு நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. மண் சாம்பலாகிறது. அதுவும் தீர்ந்தால் இன்னொரு கூட்டம் கந்தகம் கலந்த சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கிறது. சேறு கறுக்கிறது, கூழ்முட்டை நாற்றம் வருகிறது. சேற்றில் கால் வைக்கும்போது மூக்கைப் பிடிக்கிறோமே, அது இவர்களுடைய மூச்சு.

ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். செங்கல் நிறப் பூச்சு இருக்கும். வேர் வழியே கசியும் ஒட்சிசனில் கரைந்த இரும்பு மறுபடி துருவாகிறது. அறுவடைக்குப் பின் வயலை வெட்டிப் பார்த்தால் சாம்பல் மண்ணில் சிவப்புப் புள்ளிகள், சிவப்பு மண்ணில் வெளிறிய புள்ளிகள். நிறம் மாறிய ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள்.

2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ், ஜெசெரோவுக்குள் தண்ணீர் கொண்டுவந்த நெரெத்வா பள்ளத்தாக்கு என்ற பழைய ஆற்றுப் பாதையில் ஒரு கல்லைக் கண்டது. அம்பு முனை வடிவம், ஒரு மீற்றர் நீளம். செயாவா ஃபோல்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிவந்த சேறு இறுகிய கல். அதன்மேல் சில மில்லிமீற்றர் அளவில் வெளிறிய புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கரிய விளிம்பு. சிறுத்தைப் புள்ளி என்றார்கள். அந்தப் பாறைகளில் சேதனக் காபனும் இருந்தது.

அந்தப் புள்ளிகளில் இரண்டு கனியங்கள் இருப்பதுபோலத் தெரிகிறது. ஒன்று விவியனைற்று: இரும்பும் பொசுபேற்றும் சேர்ந்தது. பூமியில் இது நீர் தேங்கிய சேற்றிலும், புதைந்த எலும்பின் பக்கத்திலும், நெல் வயல் மண்ணிலும்கூட உண்டாகிறது. எடுக்கும்போது நிறமில்லாமல் இருக்கும். காற்றுப் பட்டதும் நீலம் பாயும். மற்றது கிரெய்கைற்று: இரும்பும் கந்தகமும். சல்பேற்றைச் சுவாசிக்கும் கூட்டம் இருக்கும் கறுத்த சேற்றில் இது வரும். சிவந்த சேற்றுக்குள் சேதனப் பொருள், அதே சேற்றில் நிறம் போன புள்ளி, புள்ளியில் மாறிய இரும்பும் கந்தகமும். நம் வயலில் இதைக் கண்டால் பற்றீரியாவின் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

செவ்வாயில் அப்படிப் போக முடியாது. ஆணியா என்று பார்க்க வேண்டும். நுண்ணங்கி இல்லாமலே சேதனப் பொருளும் துருவும் ஒன்றோடொன்று தாக்கி இதே கனியங்கள் வரலாமா? வரலாம், கல் நன்றாகச் சூடேறியிருந்தால் இலகுவாக வரலாம். இந்தக் கல் அப்படி வெந்ததற்கு அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் ஒரு வருடம் வாதாடிய பிறகு, 2025 செப்டெம்பரில் ‘இருக்கக்கூடிய’ என்ற சொல்லோடு கட்டுரை வெளிவந்தது. குளிரில் மெதுவாக நடக்கிற, உயிர் தேவைப்படாத வழி வேறு இருக்கிறதா என்பதை ஆய்வுகூடங்கள்தான் இனிச் செய்து பார்க்க வேண்டும். உயிர் என்று சொல்லுமுன் ஏற வேண்டிய ஏழு படிகளை நாசா விஞ்ஞானிகள் 2021இல் வரைந்து வைத்தார்கள். இந்தக் கல் நிற்பது அதன் கீழ்ப்படிகளில்.

மேலே ஏற, கல் இங்கே வர வேண்டும். காரணங்களில் ஒன்று கந்தகம். கந்தகத்தில் பாரம் கூடியதும் குறைந்ததுமாக அணுக்கள் உண்டு. மூட்டை சுமக்கிறவர் இலேசான மூட்டையை முதலில் தூக்குவதுபோல, நுண்ணங்கி பாரம் குறைந்ததையே கூடுதலாக எடுக்கும். கழிவில் அந்த ஓரவஞ்சனை பதிந்திருக்கும். அதை நுணுக்கமாக அளக்க அறை நிறைய நிற்கும் இயந்திரங்கள் வேண்டும். அவற்றை ரோவரில் ஏற்ற முடியாது. கல்லில் துளைத்த துண்டு இப்போது ஒரு சிறிய குழாய்க்குள் செவ்வாயில் கிடக்கிறது. கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டொலர் வரை போகும், 2040 வரை இழுபடும் என்று 2024இல் நாசாவே சொன்னது. அதற்குப் பிறகு திட்டம் இழுபறிப்பட்டது. சீனா தன் தியான்வென்-3 கலத்தை 2028 அளவில் அனுப்பி மண் கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது, ஆனால் இந்தக் கல்லை அல்ல.

வாயுவைப் பார்த்துத் தேடும் வழியும் ஒன்று உண்டு. வயல் சேற்றில் கால் வைத்தால் குமிழி வருகிறதே, அதில் மெதேன் இருக்கிறது. அதுவும் நுண்ணங்கியின் வேலை. பூமியின் காற்றில் மெதேனும் ஒட்சிசனும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டும் சாமான்கள். யாரோ ஓயாமல் நிரப்பிக்கொண்டிருந்தால்தான் இரண்டும் நிற்கும். ஆகவே தூரத்திலிருந்து காற்றைப் பார்த்தே உயிரை ஊகிக்கலாம் என்று 1960களில் பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக் சொன்னார். செவ்வாயில் கியூரியோசிட்டி வழக்கமாக நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக மெதேனை அளந்தது. மேலே சுற்றும் ஐரோப்பியக் கலமோ ஒன்றும் இல்லை என்கிறது. பாறையும் நீரும் சேர்ந்தும் மெதேன் வரலாம் என்பது வேறு. இந்தச் சிக்கல் அவிழாமல் கிடக்கிறது.

இரண்டு போத்தல்

மூன்றாவது சனிக்கிழமை நாங்களே ஒரு தேடல் தொடங்கினோம். செர்கேய் வினோகிராட்ஸ்கி என்பவர் 1880களில் காட்டிய வழி. வாய்க்காலிலிருந்து கறுத்த சேறு எடுத்தோம். கந்தகத்துக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கரு, காபனுக்குக் கிழித்த பத்திரிகைத் துண்டு. குழைத்து இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்களில் நிரப்பி, மேலே குளத்துத் தண்ணீர் விட்டு, வெயில் படும் யன்னலில் வைத்தோம். ஒரு போத்தலுக்கான சேற்றை மட்டும் அரை மணி நேரம் கொதிக்க வைத்தோம். சேறு கொதித்த பானை கடைசி வாங்குக்காரனின் வீட்டுப் பானை. அவன் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

மூன்று கிழமையில் கொதிக்காத போத்தலின் அடி கன்னங்கரேல். வெளிச்சம் படும் பக்கம் பச்சை ஏறியிருந்தது. கொதித்த போத்தல் களிமண் நிறத்திலேயே நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஐந்தாம் கிழமை கொதித்த போத்தலின் அடியில் ஒரு மூலையில் மிளகளவு கறுப்புப் புள்ளி. அடுத்த கிழமை அது இரண்டு.

“சேர், இதுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு எண்டுதானே சொன்னீங்கள்?”

சில பற்றீரியாக்கள் வித்தியாகிக் கவசம் போட்டுக்கொள்ளும். கொதிநீரின் 100 பாகை அவற்றுக்குப் பெரிதல்ல. வைக்கிங் தன் மண்ணை 160 பாகைக்கு ஏற்றியது அதனால்தான். புறப்படுமுன் அந்தக் கலங்களையே முழுசாக அவித்து எடுத்ததும் அதனால்தான். நம் ஊர் நுண்ணங்கியைக் கொண்டுபோய் அங்கே கண்டுபிடித்தால் வெட்கம். ஆனால் எங்கள் போத்தலில் நடந்தது அதுதானா? சேற்றைக் கொதிக்க வைத்தோம், மேலே விட்ட குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவில்லை என்று மீன்காரப் பிள்ளை ஞாபகப்படுத்தினாள். மூடி சரியாகப் பூட்டவில்லை என்றான் இன்னொருவன். மூன்றில் எது என்று போத்தலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இன்னும் போத்தல்கள் வேண்டும். தண்ணீர், சேறு இரண்டையும் பிரஷர் குக்கரில் வைத்து எடுக்க வேண்டும். சேறு வைக்கக் குக்கர் தருகிற வீடு எது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.